மல்லிகாவின் விடைத்தாள்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, சுருக்குப் பையிலிருந்து தலைவலித் தைல டப்பாவை எடுத்து நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டார். ஜன்னல் காற்று அந்த வாசனையை நேராக என் முகத்தில் கொண்டுவந்து விட்டது. கண்ணில் நீர் வந்தது. தைலத்தின் காரம் என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ் ஊருக்குள் நுழைந்து மலைக்கோபுரம் தெரிகிற வரைக்கும் அது நிற்கவில்லை. அப்புறம்தான் நீங்கள் ஞாபகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று புரிந்தது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பள்ளிக்கூடத்தில் உங்கள் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண் உட்காருகிறாள். நல்ல பெண். அவளையும் நான் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறேன், ஆனால் அந்தச் சொல் அவளிடம் வேறு மாதிரி கேட்கிறது. நாம் இரண்டு பேரும் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்த வந்த நாளிலிருந்து ஒருவரை ஒருவர் டீச்சர் என்றே கூப்பிட்டோம். ஸ்டாஃப் ரூமில் தொடங்கிய பழக்கம், உங்கள் வீட்டு அடுக்களை வரைக்கும், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் இவ்வளவு நெருக்கமாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

நீங்கள் பள்ளிப்பட்டில் தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு. தமிழில் எம்.ஏ. படித்து, எங்களையெல்லாம் விடச் சுத்தமாக யாப்பு நடத்துவீர்கள். மார்க்கைக் கூட்டும்போது மட்டும் உதட்டுக்குள் தெலுங்கில் கூட்டுவீர்கள். பேப்பர் திருத்தும் காலத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் உங்களுக்குத் தலைவலி வரும். வந்தவுடன் பேனாவை மூடிவிடுவீர்கள். தைலம் தேய்த்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். மற்றவர்கள் கட்டுக்கட்டாய் முடித்துக்கொண்டு போவார்கள், நீங்கள் அசைய மாட்டீர்கள். ஒருமுறை நான், “இன்னா டீச்சர், எப்ப முடிக்கறது?” என்று கேட்டதற்கு, “தலைவலியோட திருத்துனா அது புள்ளைங்க மார்க்ல போய் உக்காந்துக்கும் டீச்சர்” என்றீர்கள். அப்போது அது எனக்குச் சோம்பலுக்குச் சொன்ன சாக்கு மாதிரிதான் பட்டது.

அந்த எண்ணத்தை மாற்றிய வருஷத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய காலம் அது. என் மல்லிகா நம் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். கணக்கு, விஞ்ஞானம் எல்லாவற்றிலும் தேறினாள், தமிழில் தேறவில்லை. தமிழ் டீச்சர் பெண் தமிழில் ஃபெயில் என்று ஊர் சிரித்தது. பஸ்ஸில் ஏறினால், தெரிந்தவர்கள்கூட முகத்தைத் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி வைத்துக்கொண்டு கேட்டார்கள். எனக்குக் கோபம் திருத்தியவர் மேல். யாரோ ஒரு மகராசன் தூங்கிக்கொண்டே திருத்தியிருக்கிறான் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

“இருக்கலாம் டீச்சர். ஆனா புள்ள இன்னா எழுதிச்சின்னு கேட்டீங்களா?”

கேட்டேன். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டு, எல்லாக் கேள்வியும் எழுதினேன் என்றாள்.  அவளுக்கு ரகரமும் றகரமும் எப்போதும் இடம் மாறும், னகர ணகரமும் அப்படித்தான். அது எனக்குத் தெரியும். அதற்காக ஃபெயில் ஆகிற அளவுக்கு மார்க் போகுமா என்பதுதான் தெரியவில்லை. அவளுக்கு நர்ஸ் படிப்புக்குப் போக ஆசை. எஸ்.எஸ்.எல்.சி. தேறாமல் அந்த வாசற்படி மிதிக்க முடியாது. அவள் அப்பா, “போதும் படிச்சது, மாப்பிள்ள பாத்துடலாம்” என்று தொடங்கிவிட்டார். இன்னொரு முறை எழுதட்டும், அதிலும் தேறவில்லை என்றால் உங்கள் இஷ்டம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். மல்லிகா காஞ்சிபுரத்தில் என் தங்கை வீட்டில் தங்கி, அந்த ஊர் மையத்தில் தமிழை மறுபடி எழுதிவிட்டு வந்தாள்.

அந்தத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தத்தான் நாம் இரண்டு பேரும் தினமும் ரயிலேறி அரக்கோணம் போனோம். திருத்த வருகிறவர்களின் சொந்தக்காரர்கள் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார்கள். என் மகள், காஞ்சிபுரம் மையம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தேன். அந்த ஊர்க் கட்டு எதுவும் இங்கே வராது, கவலைப்படாதீங்க என்றார் அங்கிருந்த குமாஸ்தா.

அந்த முதல் நாள் காலை நினைவிருக்கிறதா டீச்சர்? நம் மேசைகளுக்குத் தலைமைத் தேர்வாளராக வந்திருந்த பெரியவரை எல்லோரும் சீஃப் என்றோம். இருமிக்கொண்டே பேசுவார். கட்டைப் பிரிப்பதற்கு முன், ஏதோ ஒரு விடைத்தாளை எடுத்து, ‘நான் கண்ட திருவிழா’ என்ற கட்டுரையை உரக்கப் படித்தார். பிறகு பிள்ளையின் எழுத்தை நாம் எல்லோரும் பார்க்கும்படி தாளை மேசை மேசையாக அனுப்பி, இருபதுக்கு எத்தனை போடுவீர்கள், தனித்தனியாக எழுதிக் கொடுங்கள் என்றார். சீட்டுகளைப் பிரித்தபோது ஒருவர் ஆறு போட்டிருந்தார், ஒருவர் பதினைந்து. நடுவில் எல்லா எண்களும் இருந்தன. கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சீஃப் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்கவில்லை.

“ஆறு வாங்கின புள்ளையும் பதினஞ்சு வாங்கின புள்ளையும் ஒரே புள்ளதாங்க சார்” என்றீர்கள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆறு போட்டவர் சோளிங்கரிலிருந்து வந்திருந்த ஒரு சார். மெலிந்த உடம்பு, மெல்லிய மீசை. எழுத்துப்பிழை ஒவ்வொன்றுக்கும் மார்க்கை வெட்டிக்கொண்டே போவார். அவர் திருத்திய தாளைத் தூரத்திலிருந்து பார்த்தால் மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி இருக்கும். அவருக்கு ‘வெட்டு சார்’ என்று பெயர் வைத்தது நீங்கள்தான். ஒரு பிள்ளை ஒரே சொல்லைப் பல இடத்தில் ஒரே மாதிரி தப்பாக எழுதினால், அதை ஒரு பிழையாகத்தான் எண்ணவேண்டும் என்று அன்றைக்கே நீங்கள் சீஃபிடம் கேட்டீர்கள். “எங்க ஊர்ப் புள்ளைங்க வீட்ல தெலுங்கு பேசிட்டு வந்து தமிழ் எழுதுதுங்க சார். விஷயம் தெரிஞ்சிருக்கும், எழுத்து தவறும். விஷயத்துக்கு மார்க் வேணாமா?” என்றீர்கள். சீஃப், “பிழை பிழைதாம்மா” என்று முடித்துவிட்டார். வெட்டு சார் தலையை ஆட்டினார். நீங்கள் தோற்றீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தம்மாவுக்கு எதற்கு இந்த வம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து எனக்கு ஒரு புதுக் கட்டு வந்தது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மார்க்கை உடனே தாளில் எழுத மாட்டோம். தனிச் சீட்டில் பென்சிலால் குறித்து வைப்போம், சீஃப் சிலவற்றைச் சோதித்த பிறகுதான் தாளில் ஏற்றுவோம். பாதிக் கட்டு முடித்திருந்தேன். அடுத்த தாளைப் பிரித்தேன்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அப்போதெல்லாம் லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரிச் சுழி போட்டு எழுதுவோம் இல்லையா, மல்லிகா அந்தத் துதிக்கையை நீட்டிக்கொண்டு போய் அடுத்த எழுத்தின் தலைமேல் வைப்பாள். சின்ன வயதில் அதற்காக எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இப்போது பக்கம் முழுக்க அந்தத் துதிக்கைகள். தேர்வு எண்ணைப் பார்க்கத் தேவையில்லை, இருந்தும் பார்த்தேன். அவள் எண்தான். வராது என்று சொன்ன ஊரின் கட்டு எப்படியோ வந்து என் மடியில் விழுந்திருந்தது.

தாளை மூடினேன். மூடிய தாளின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியாது. ஒரு மார்க் கூடுதலாகப் போடவேண்டும் என்றுகூட இல்லை. வெட்டு சார் மாதிரி வெட்டாமல், நான் மற்றப் பிள்ளைகளுக்குத் திருத்துகிற மாதிரியே திருத்தினால் போதும், இவள் தேறிவிடுவாள். அதில் என்ன தப்பு என்று ஒரு குரல் கேட்டது. நான் மற்றப் பிள்ளைகளுக்குத் திருத்துகிற மாதிரியே இதைத் திருத்த முடியுமா என்று யோசித்தேன். இது மல்லிகா என்பதை மறந்துவிட்டுப் படிக்க எனக்கு வழி தெரியவில்லை.

எழுந்து, தண்ணீர் குடிக்கிற மாதிரி உங்களைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“டீச்சர், மல்லிகா பேப்பர் எனக்கு வந்திருக்குது. நீங்க திருத்திக் குடுங்க.”

உங்கள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

“ஏன் டீச்சர் எங்கிட்ட சொன்னீங்க?”

“வேற யார்கிட்ட சொல்றது?”

“யார்கிட்டயும் சொல்லியிருக்கக் கூடாது. எம் மடியில வளந்த புள்ள அது. பாசத்துல நாலு மார்க் கூடப் போட்டாலும் போட்ருவேன். அப்பிடிப் போட்டுடுவனோன்ற பயத்துல நாலு கொறைச்சாலும் கொறைச்சிருவேன். ரெண்டுமே அநியாயம்தான. இப்ப எனக்கும் தெரிஞ்சு போச்சே.”

எனக்கு அழுகை வந்தது. நீங்கள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தீர்கள்.  பிறகு, “வாங்க, கட்ட எடுத்துகினு சீஃப் கிட்ட போலாம். எந்தப் பேப்பர்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க” என்றீர்கள்.

சீஃப் இருமி முடிக்கும்வரை நின்றோம். என் மகள் எழுதிய மையத்தின் கட்டு எனக்கு வந்துவிட்டது, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கையை நீட்டினார்.

“எந்தப் பேப்பர்மா அது? எடு.”

நான் உங்களைப் பார்த்தேன்.

“அது உங்களுக்கு வேணாங்க சார்” என்றீர்கள்.

“வேணாமா? நான் சீஃப்மா.”

“எனக்குத் தெரிஞ்சிடுச்சு சார், அதனால நான் தொட முடியல. உங்களுக்கும் தெரிஞ்சா நீங்களும் தொட முடியாது. அப்பறம் யார்தான் திருத்தறது?”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “பாதி முடிஞ்சிருக்குதே. மிச்சப் பாதிய மட்டும் மாத்திடலாமா?” என்று கேட்டார். அதற்கும் நீங்கள் விடவில்லை. பாதியை மட்டும் மாற்றினால் அந்தப் பாதியில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடும், முழுக் கட்டும் போகட்டும், வாங்குகிறவருக்குக் காரணமும் தெரியவேண்டாம் என்றீர்கள். சீஃப் என் பென்சில் சீட்டை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டார். கட்டைத் தூக்கிக்கொண்டு போய், கையிலிருந்த கட்டை முடித்துவிட்டு அடுத்த கட்டுக்காகக் காத்திருந்தவரிடம் கொடுத்தார்.

வெட்டு சாரிடம்.

அன்று மாலை ரயிலில் நான் உங்களோடு பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திருத்தணி ஸ்டேஷன் நெருங்கியபோது, “கோவமா டீச்சர்?” என்றீர்கள்.

“ஆங்” என்றேன்.

“கோவமாவே இருங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

வீட்டில் மல்லிகா அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். மல்லிகா கிணற்றடியில் துணி துவைக்கிற சத்தம் கேட்டதால் மெதுவாகத்தான் சொன்னேன். கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னா சொல்ற நீ? உன் கைக்கு வந்தத எடுத்து ஊரான் கைல குடுத்துட்டு வந்துகிறியா?”

“குடுத்துட்டேன்.”

“அந்தாளு ஃபெயில் பண்ணிட்டா?”

நான் கிணற்றடிப் பக்கம் பார்த்தேன். அவர் மறுபடி குனிந்து தவிட்டைக் கலந்தார். அன்று இரவு என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எப்போதும் விடியற்காலையில் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து பஸ் ரோட்டில் விடுவார். மறுநாள் சைக்கிளை எடுக்கமாட்டார் என்று நினைத்து நானே நடக்கத் தொடங்கினேன். பின்னாலிருந்து மணி அடித்தது. ஏறிக்கொண்டேன். 

அரக்கோணத்தில் சீஃப் காத்திருந்தார். வெட்டு சார் முழுக் கட்டையும் முடித்து அவருடைய பென்சில் சீட்டைக் கொடுத்துவிட்டிருந்தார். நான் திருத்திய பாதிக்கு இப்போது இரண்டு சீட்டுகள், ஒன்றை ஒன்று பார்க்காமல் எழுதியவை. சீஃப் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். என்னையும் வெட்டு சாரையும் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று உங்களையும் மற்றவர்களையும் சுற்றி நிற்கச் சொன்னார்.

“இந்தம்மா பன்னெண்டு போட்ட எடத்துல நீங்க அஞ்சு போட்டிருக்கீங்க. இந்த ரெண்டுல எது சரி?”

தாளை வெட்டு சாரிடம் கொடுத்தார். அது நான் முதலில் திருத்திய தாள்களில் ஒன்று, மல்லிகாவுடையது இல்லை. வெட்டு சார் கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து வாய்க்குள் படித்தார். அவர் சண்டைக்கு வருவார் என்று நான் தயாராக நின்றேன். அவர் நிதானமாகத் தாளைப் புரட்டினார், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

“இந்தப் புள்ள மலைன்றத எல்லா எடத்துலயும் மழைன்னு எழுதியிருக்குது சார். திருவிழாவே மலை மேல. வரிக்கு ஒரு மலை வருது. வர்ற எடத்துலல்லாம் வெட்டியிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “தப்பு ஒண்ணுதான். நான் ஒரு தபா வெட்டியிருக்கணும். மத்தபடி நல்லாத்தான் எழுதியிருக்குது. காவடி வர்றத எழுதன எடம் படிச்சுப் பாருங்க.”

 அப்புறம் அவர் என் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். “டீச்சரம்மா மேற்கோள் இருந்தாலே மார்க் குடுத்துடறாங்க. அது அந்த எடத்துக்குப் பொருந்துதான்னு பாக்கறதில்ல” என்றார். அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். திருவிழாக் கட்டுரையில், மனப்பாடம் செய்த உழவுப் பாட்டு ஒன்று சம்பந்தமில்லாமல் நின்றிருந்தது. அதற்கு நான் இரண்டு மார்க் போட்டிருந்தேன். அவர் சொன்னது சரி.

சீஃப், “இன்னும் யாருக்கு இன்னா தோணுது?” என்று கேட்டார். நீங்கள் முதல் நாள் கேட்டுத் தோற்றதை இப்போது கேட்டிருந்தால் சுலபமாக ஜெயித்திருக்கலாம். உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. மல்லிகாவின் தாள் அந்தக் கட்டில் இருக்கும்போது, பிழைக்கு எத்தனை வெட்டுவது என்று பேச அந்தக் கூடத்தில் உரிமை இல்லாத இரண்டு பேர் நாம்தான்.  வெட்டு சாரே, “ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தா ஒண்ணுன்னு வெச்சுக்கலாம் சார். இந்தம்மா மொத நாளே சொன்னாங்க” என்று உங்களைக் காட்டினார். சீஃப் ஒத்துக்கொண்டார். பொருந்தாத மேற்கோளுக்கு மார்க் இல்லை என்பதையும் சேர்த்தார். கட்டுரைகளை மட்டும் எல்லோரும் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள், முந்தின கேள்விகளுக்கு வாங்கிய மார்க்கைப் பார்க்காமல் பாருங்கள் என்றார். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வேலை இரட்டிப்பு. ஆனாலும் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

வெட்டு சார் கட்டை மறுபடி பிரிப்பதைப் பார்த்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் முழுவதும் படித்துவிட்டுப் பிறகுதான் எடுத்தார்.  மல்லிகா தேறுவாளா என்று தெரியாது. ஆனால் அவளை ஒரு மனிதர் முழுவதும் படிக்கப் போகிறார் என்பது தெரிந்துவிட்டது.

திரும்பும்போது ரயிலில் நானே பேச்சைத் தொடங்கினேன். “மல்லிகாவுக்காகத்தான மொத நாள் சண்ட போட்டீங்க?”

“மொத நாள் உங்க பொண்ணு பேப்பர் வரலியே டீச்சர்” என்றீர்கள். பிறகு தூக்குவாளியிலிருந்து எலுமிச்சஞ் சாதத்தை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். காலையிலிருந்து நாம் இரண்டு பேருமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ரிசல்ட் வருகிற வரைக்கும் மல்லிகா சரியாகச் சாப்பிடவில்லை. பயம் என்று நினைத்தேன். நியூஸ் பேப்பரில் நம்பர் வந்த அன்று நீங்கள் முதல் பஸ்ஸில் கண்டிகைக்கு வந்து இறங்கினீர்கள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தேன். உங்கள் கையில் சுருட்டிய பேப்பர்.

“இருக்குது டீச்சர்.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். கோலமாவுக் கையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எங்கே, எங்கே என்று தேடினார். நீங்கள் திருப்பிக் கொடுத்து விரலை வைத்துக் காட்டினீர்கள். அந்த மனிதர் சிரித்து அப்படி நான் பார்த்ததில்லை.

மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாடி, நம்பர் இருக்குதுன்றாங்க, மரமாட்டம் நிக்கற?” என்றேன்.

“அது நீ போட்டதாம்மா?”

எனக்குப் புரியவில்லை.

“அன்னிக்கு நைனாகிட்ட சொல்லிகினு இருந்த. எம் பேப்பர் உங்கிட்ட வந்துதுன்னு. பாதிதான் காதுல விழுந்துது. அப்பறம் நீ இன்னா பண்ணன்னு தெரில.” அவள் கதவை விடவில்லை. “நீ போட்டிருந்தா நர்ஸுக்கு எழுதிப் போட மாட்டேன்.”

இத்தனை நாளும் அந்தப் பெண் இதைத் தனக்குள் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறாள்.  நீங்கள்தான் அவளிடம் போனீர்கள்.

“உங்கம்மா அதப் படிக்கக்கூட இல்ல மல்லிகா. மூடி வெச்சிட்டாங்க. எங்கிட்ட குடுத்தாங்க, நானும் தொடல.”

“அப்ப யாரு?”

“உன்ன யாருன்னு தெரியாத ஒருத்தர். அந்தக் கூடத்துலயே கை ரொம்ப இறுக்கம். அவருகிட்டருந்து வாங்கியிருக்கற, நல்லா சிரி.”

அவள் சிரிக்கவில்லை. உங்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, “பசிக்குதும்மா” என்றாள். என் வாழ்க்கையில் கேட்ட வார்த்தைகளில் அதற்கு ஈடாக இன்னொன்று இல்லை டீச்சர். நான் தோசை ஊற்ற ஊற்ற அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, அவளோடு போட்டி போட்டுச் சாப்பிட்டீர்கள்.

மார்க் பட்டியல் வந்தபோது பார்த்தால், தேறுவதற்கு வேண்டியதற்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தாள், பெரிய மார்க் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எண்ணை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் தலைநிமிர்ந்து சொன்னாள். நர்ஸ் படிப்புக்குப் போனாள். முடித்தாள். போன வருஷம் நீங்கள் படுத்தபோது லீவு போட்டு வந்து, உங்களுக்கு முதுகு துடைத்து, கஞ்சி கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அப்போது நீங்கள் என்னிடம், “நல்லா பாத்துக்கறா. நீங்க சிபாரிசு பண்ணீங்களா?” என்று கேட்டீர்கள். அந்த நிலையிலும் உங்களுக்கு என்னைச் சிரிக்கவைக்கத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு நான் அந்தத் தாளைத் திறந்து, நேர்மையாகவே திருத்தி, அதே மார்க்கைப் போட்டிருக்கலாம். எண்ணில் எதுவும் மாறியிருக்காது. ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. என் சொந்தக் கைமேல் எனக்கே நம்பிக்கை வந்திருக்காது. ஒரு மார்க் சரியானதா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண்தான் வருகிறது. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏன் என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும், நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம் என்ற அளவுக்குத் தெரியும். இப்போது என் பள்ளிக்கூடப் பரீட்சைகளில் கட்டுரையை நான் ஒருத்தியாகத் திருத்தி முடிப்பதில்லை. புதிதாக வந்த பெண்ணோடு கட்டை மாற்றிக்கொள்கிறேன். அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை. போன வாரம் அவளே தன் கட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்த மடலே அதற்காகத்தான்.

மல்லிகா இப்போது தன் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வரும் பெண்களுக்குப் பாடம் எடுக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், அந்தப் பெண்கள் எழுதிய பரீட்சைத் தாள்களையும் கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து திருத்தினாள். நான் கீரை ஆய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் எழுதிய மூலையை ஒவ்வொரு தாளிலும் மடித்துவிட்டிருந்தாள். அது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. வேகமாகப் போய்க்கொண்டிருந்தவள் ஒரு தாளில் நின்றாள். இரண்டு வரி படித்தாள், மூடினாள், கட்டிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தாள்.

“இன்னாடி, அது மட்டும் தனியா?” என்றேன்.

“எழுத்தப் பாத்து யாருன்னு தெரிஞ்சு போச்சும்மா. எனக்கும் அவளுக்கும் ஆவறதே இல்ல. வேற சிஸ்டர்கிட்ட குடுத்துடறேன்.”

சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. யாரோ ஒரு பெண், மல்லிகாவுக்குப் பிடிக்காத பெண், இதையெல்லாம் ஒருபோதும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. தன் மார்க்கை வாங்கிக்கொண்டு அவள் பாட்டுக்குப் போவாள்.

உடனே செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடிவந்து சொல்லவேண்டும் போல இருந்தது. முடியாதே. அதனால் எழுதிவிட்டேன். இப்போது மனது லேசாக இருக்கிறது டீச்சர்.